கணிப்பொறிக்குள் கணிப்பொறி: பச்சை ஆமை ஏன் வருகிறது?

யூனிகோடு பரவுவதற்கு முன் நம்மில் பலர் தமிழில் தட்டச்சு செய்தது தனித்தனி எழுத்துருக்களில். சங்க மலர், குடும்பக் கடிதங்கள், பிள்ளைகளின் தமிழ்ப் பாடங்கள் எல்லாம் அப்படியே கோப்புகளாகக் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். அந்நாளைய 16 பிட் நிரல்களோ, 64 பிட்டாக மட்டுமே வரும் விண்டோஸ் 11-இல் ஓடவே ஓடா. அதனால் வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியைக் குடிவைத்திருப்பவர்கள் உண்டு. இதற்கு மெய்நிகர் கணிப்பொறி என்று பெயர்.

வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஆசையோடு விண்டோஸின் முன்னோட்டப் பதிப்பை ஏற்றிவிடும்போது வருகிறது வினை. விண்டோஸ் 11-ஏ 2021 ஜூன் இறுதியில் சோதனையாளர்களுக்குத் தரப்பட்டு, அக்டோபர் 5-இல்தான் முறைப்படி வெளிவந்தது. இப்படிப்பட்ட இடைக்காலப் பதிப்புகளில் எதுவும் மாறலாம். மறுநாள் எக்ஸ்பி திறக்க மறுக்கும். அல்லது திறந்துகொண்டு, அசைந்து அசைந்து நகரும்; சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு சின்னப் பச்சை ஆமை உட்கார்ந்திருக்கும்.

ஆமை ஒரு தகவல்தான். இன்டெல் சிப்பில் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி சிப்பில் ஏஎம்டி-வி என்றும் ஒரு வசதி உண்டு. மெய்நிகர் கணிப்பொறி வேகமாக ஓட அதுவே சாவி. சாவியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். விண்டோஸ் தன் பாதுகாப்புக்காக ‘மெமரி இன்டெக்ரிட்டி’யை இயக்கினால், அதன் ஹைப்பர்-வி சாவியை முதலில் எடுத்துக்கொள்ளும். வெர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்ய வேண்டியதுதான். 2018-இல் வந்த 6.0 பதிப்புக்கு முன்னால் அந்த வழிகூட இல்லை.

எதையும் தொடுமுன், எக்ஸ்பி இருக்கும் கோப்புறை முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். விடிஐ என்று முடியும் பெரிய கோப்பில்தான் உங்கள் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. இதைச் செய்யாமல் மேலே படிக்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

பிறகு டாஸ்க் மானேஜரில் சிபியு பக்கத்தைப் பாருங்கள். ‘வெர்ச்சுவலைசேஷன்’ அணைந்திருந்தால் பயாஸில் இயக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கணிப்பொறியின் பதிவேட்டை, அதாவது லாக் கோப்பைத் திறந்து என்.இ.எம். என்ற எழுத்துகளைத் தேடுங்கள். மாற்று வழிக்குத் தாவியதாக வரி இருந்தால், சாவி ஹைப்பர்-வியிடம் என்பது உறுதி. வெர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்பை நிறுவிப் பாருங்கள்; பாதித் தொல்லை அதிலேயே தீரக்கூடும்.

மெமரி இன்டெக்ரிட்டியையும் ஹைப்பர்-வியையும் அணைத்தால் ஆமை போய்விடும். ஆனால் அதே கணிப்பொறியில் வங்கி வேலையும் பார்ப்பவர் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வானேன்? பிள்ளை அதில் லினக்ஸ் துணை அமைப்பு வைத்திருந்தால் அதுவும் நின்றுபோகலாம். கடிதங்களைத் திறந்து அச்சிட ஆமை வேகம் போதும்.

பழைய விண்டோஸுக்கே திரும்ப எண்ணினால், ஏற்றிய 10 நாட்களுக்குள் முயல வேண்டும். அதன் பிறகு பெரும்பாலும் டிஸ்கை அழித்துப் புதிதாக நிறுவ நேரும். எடுத்து வைத்த நகல் அப்போதுதான் கைகொடுக்கும்.