வெள்ளத்தில் நின்ற வண்டி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுக் கால் பார்க்கிறார். அதன் பிறகுதான் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார். அதே விவசாயி பழைய காரோ சரக்கு வண்டியோ வாங்கப் போனால் முதலில் விலையைத்தான் கேட்கிறார். பெயிண்ட் பளபளப்பாக இருந்து, சாவியைத் திருப்பியவுடன் என்ஜினும் ஓடினால் முன்பணம் கொடுத்துவிடுகிறார். விடியுமுன் காய்கறியும் பூவும் சந்தைக்குப் போய்ச் சேருவதும், இரவில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்த வண்டியை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே பழைய வண்டிகளில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் ஒரு வகையை, அதாவது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியை, எப்படிக் கண்டுகொள்வது என்பதை இங்கு பார்ப்போம்.

மலிவு வண்டி எங்கிருந்து வருகிறது?

2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையில் பெருமழை பெய்தபோது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை கடந்தது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தெருவில் நின்ற வண்டிகளும், அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்தில் நிறுத்தியிருந்த கார்களும் மூழ்கின. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் தேங்கியது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் கார்கள் மிதந்து சென்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம்.

இப்படி மூழ்கிய வண்டியின் பழுதுச் செலவு, காப்பீட்டுப் பத்திரத்தில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கருதப்படுகிறது. உரிமையாளருக்குக் காப்பீட்டுத் தொகை கிடைத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் அதை உதிரிபாகமாகவும் விற்கலாம். பழுது பார்த்து வண்டியாகவும் விற்கலாம். அது வியாபாரம், தவறில்லை. மூழ்கியதை மறைத்து, நல்ல வண்டியின் விலையில் சற்றே குறைத்து, விவரம் தெரியாத வெளியூர்க்காரரிடம் விற்பதுதான் ஏமாற்று. 2015இல் புதிதாக இருந்த கார் இன்று சிறு விவசாயியின் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

சென்னை வண்டி எல்லாம் கெட்ட வண்டி என்று இதற்குப் பொருள் இல்லை. பதிவு எண் டி.என்.06 என்றால் மந்தைவெளி, 07 என்றால் திருவான்மியூர், 09 என்றால் கே.கே. நகர் அலுவலகத்தில் பதிவானது என்று தெரியும். மழை நாளில் அது எங்கே நின்றது என்பதை எண் பலகை சொல்லாது. மாடியில் நின்ற வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கடலூரிலும் தூத்துக்குடியிலும்கூட வெள்ளத்தில் வண்டிகள் மூழ்கியிருக்கின்றன. எனவே ஊரைப் பார்க்காமல் வண்டியைப் பார்ப்பதே முறை.

தண்ணீர் செய்யும் கேடு

கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டார் மழையில் மூழ்கினால் நாம் உடனே சுவிட்சைப் போடுவதில்லை. கழற்றி, உலர்த்தி, காயில் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்டுகிறோம். வண்டிக்கும் அதுதான் விதி. வெள்ளத்தில் நின்ற வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்தால், காற்று போகும் வழியாக உள்ளே புகுந்த தண்ணீர் சிலிண்டரில் சிக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோத, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிறிதளவு வளைந்த ராடோடு வண்டி சில காலம் ஓடவும் செய்யும். பிறகு ஒரு நாள் நடுவழியில் என்ஜின் உடையும்.

அடுத்தது ஒயரிங். நகர வெள்ளம் வெறும் மழைநீர் அல்ல. சாக்கடையும் சேறும் கலந்தது. கடலோரம் என்றால் உப்பும் சேரும். ஒயர் இணைப்புகளில் இந்தத் தண்ணீர் நின்றால் செம்பு பச்சை பூக்கும். இது ஒரே நாளில் தெரியாது. வாங்கும்போது எரிந்த விளக்கு ஆறு மாதம் கழித்து அணையும். வண்டி காரணமின்றி நிற்கும். மெக்கானிக் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். இந்தக் காலத்துக் கார்களில் என்ஜின், பிரேக், விபத்தில் விரியும் காற்றுப்பை ஆகியவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டிகள் உண்டு. சிலவற்றின் இடம் இருக்கைக்கு அடியிலும் தரைக்கு அருகிலும்தான். காற்றுப்பை வேலை செய்யாது என்பது விபத்து நடக்கும் வரை தெரியாமலும் போகலாம். அப்போது பணத்தோடு உயிருக்கும் ஆபத்து.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

இரவிலோ, மழை பெய்யும்போதோ, அப்போதுதான் கழுவி நிறுத்திய நிலையிலோ வண்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கீழ்க்கண்டவற்றைச் சோதிக்க அரை மணி நேரம் போதும்.

1. கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சிறிது நேரம் மூடி வைத்துத் திறந்து முகருங்கள். ஈரச் சாக்கு வாடை வந்தால் சந்தேகம். வாசனைத் திரவியம் மிதமிஞ்சி அடித்தாலும் சந்தேகம்.

2. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் ஏறிய உயரம் தெரிந்துவிடும்.

3. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பிறகு இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், டேஷ்போர்டின் அடிப்புறம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். துருவும் வண்டலும் அங்கேதான் தங்கும்.

4. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் விட்ட தேநீர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

5. முகப்பு விளக்கின் கண்ணாடிக்குள் ஆவியோ நீர்க்கோடோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

6. சாவியைத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எரிந்து பின் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால் பல்பைக் கழற்றியிருக்கலாம். அணையாமல் இருந்தாலும் கோளாறுதான்.

பத்து வயது வண்டியில் இருக்கையும் விரிப்பும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பாகத்தை மாற்றுவது குற்றமல்ல. எதற்காக மாற்றப்பட்டது என்பதே கேள்வி. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை ரேம்ப்பில் ஏற்றிப் பார்க்கச் சொல்லிக் கூலி கொடுப்பது வீண் செலவாகாது.

காகிதங்களும் பேசும்

முந்தைய காப்பீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். இழப்பீடு கோராத உரிமையாளருக்கு ஆண்டுதோறும் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். நெடுநாள் ஒருவரே வைத்திருந்த வண்டியில் இந்தத் தள்ளுபடி திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், அந்த ஆண்டு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். அண்மையில் கை மாறிய வண்டியில் இது பொருந்தாது. தள்ளுபடி உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. கம்பெனி சர்வீஸ் நிலையத்தின் பழைய ரசீதுகளையும் கேளுங்கள். பெருமழைக்கு அடுத்த மாதங்களில் பெரிய வேலை நடந்திருந்தால் தெரிந்துவிடும்.

சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். அழிந்த வண்டியின் புத்தகத்தைத் திருட்டு வண்டிக்குப் பயன்படுத்தும் மோசடியும் உண்டு. எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைக் கொடுத்தால் காப்பீடு, தகுதிச் சான்று, கடன் பாக்கி ஆகிய விவரங்களைப் பார்க்கலாம். பழைய வண்டி விற்கும் வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

‘இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கவில்லை, முழு இழப்பாகக் கணக்கிடப்படவும் இல்லை’ என்று விற்பவரிடம் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் இதுவே ஆதாரம். எழுதித் தர மறுத்தால் அதுவே போதிய பதில். வாங்கிய பிறகு பெயர் மாற்றத்துக்கு 30 நாட்களுக்குள்ளும், காப்பீட்டை மாற்ற 14 நாட்களுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்கவே கூடாதா?

தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை மட்டும் ஏறி, பேரிங்கும் பிரேக்கும் கவனிக்கப்பட்டு, அதற்கு ரசீதும் இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். இருக்கை வரை ஏறியிருந்தால் விட்டுவிடுவது நல்லது. டேஷ்போர்டு வரை ஏறிய வண்டியை எவ்வளவு மலிவானாலும் தொட வேண்டாம்.

உதாரணமாக, 3 லட்சம் ரூபாய் பெறும் வண்டி 2 லட்சத்துக்குக் கிடைத்தால் 1 லட்சம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் என்ஜின் வேலை, மாதம் ஒரு முறை ஒயரிங் செலவு, வண்டி நின்ற நாட்களில் கொடுத்த வாடகை, கோயம்பேடு போய்ச் சேராமல் வழியில் வாடிய கத்தரிக்காயும் கீரையும் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த மிச்சம் நிற்காது. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் பெற்று வாங்கியிருந்தால், ஓடாத வண்டிக்கும் தவணை கட்டியாக வேண்டும். ஆகவே சோதனை முடிந்து, காகிதங்களைச் சரிபார்த்து, எழுத்தில் உறுதிமொழியும் பெற்ற பிறகே முன்பணம் கொடுங்கள்.