எம்.எஸ்சி. படிக்கப் போகிறாயா தங்கச்சி? முதலில் இதைப் பார்

பட்டம் முடிந்து, கொழும்பிலோ கண்டியிலோ ஒரு வேலையும் கிடைத்து, அடுத்து கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி செய்யலாமா என்று யோசிக்கிற மலையகத்துத் தங்கச்சிமாருக்குத்தான் இது. தம்பிமாரும் படிக்கலாம், ஆனால் கீழே ஆறாவது பகுதியை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் பாதியில் நிறுத்துவதை நிறையப் பார்த்துவிட்டேன். பாடம் விளங்காமல் நிறுத்தியவர்கள் குறைவு. காசு போதவில்லை, கடதாசி பிந்திவிட்டது, பாதை மூடிவிட்டது, வீட்டில் விடவில்லை. காரணம் அநேகமாக இந்த நாலுக்குள்தான் இருக்கும். அதனால் பாடத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும், இவற்றைப் பற்றி விரிவாகவும் சொல்கிறேன்.

1. காசுக் கணக்கை முதலில் போடு

1945இல் வந்த இலவசக் கல்வி முதல் பட்டத்தோடு முடிந்துவிடும். அரச பல்கலைக்கழகமாக இருந்தாலும், பாடநெறியாக நடக்கும் முதுமாணிக்குக் கட்டணம் உண்டு, அதுவும் இலட்சக் கணக்கில். “கம்பஸ்தானே, ஃப்ரீ” என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பிறகு முழிக்காதே.

2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபா என்று கட்டினார்கள். அந்தக் கணக்கில் ஒரு இலட்சம் சேர அம்மா 74 நாளுக்கு மேல் பேர் போட வேண்டும், அதுவும் இ.பி.எஃப். வெட்டுவதற்கு முன். ஆகவே அம்மாவின் இ.பி.எஃப். காசிலும் அடகுக் கடையிலும் இந்தப் படிப்பைத் தொடங்காதே. ஒன்றிரண்டு வருடம் வேலை செய், உன் சம்பளத்தில் கட்டு.

• கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா, இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பி வரும் என்று சேரும் முன் கேள்.
• வேலை செய்யும் கம்பனி பாதிக் காசு தருமா என்று மனிதவளப் பிரிவில் விசாரி. தந்தால், படிப்பு முடிந்து எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே.
• மற்றச் செலவுகளையும் எழுது: பஸ் காசு, தங்குமிடம், டேட்டா, பரீட்சைக் கட்டணம். பட்ஜெட்டைக் குழப்புவது அநேகமாக இவைதான்.

2. எந்த முதுமாணி என்று தெரிந்து சேர்

எல்லா எம்.எஸ்சி.யும் ஒன்றல்ல. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில், அதாவது எஸ்.எல்.கியூ.எஃப்.இல், பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. விரிவுரையாளராக வேண்டும், கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் 10ஐப் பார். சம்பள உயர்வுக்கு மட்டும் என்றால் 9 போதும், ஒரு வருடத்துத் தூக்கம் மிச்சமாகும்.

பட்டம் வேறு துறையில் என்றால் கணினி விஞ்ஞானத்துக்குள் நேரே குதிக்காதே. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியான யூ.சி.எஸ்.சி. கணினி விஞ்ஞான முதுமாணியையும் தகவல் தொழில்நுட்ப முதுமாணியையும் தனித்தனியாக நடத்துகிறது. இரண்டின் தகைமை நிபந்தனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி.

தனியார் நிறுவனம் வெளிநாட்டுப் பட்டம் தருகிறது என்றால், துண்டுப்பிரசுரத்தை நம்பாதே. அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறீர்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கு. அரச வேலைக்குப் போகும் நாளில் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள்.

3. கொழும்பு மட்டும்தான் என்று நினைக்காதே

நம் பிள்ளைகள் முதலில் யூ.சி.எஸ்.சி. இருக்கும் ரீட் அவெனியூவையும் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தையும்தான் பார்ப்பார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் பேராதனையில் பட்டப்பின் விஞ்ஞான நிறுவனம் 1996 முதல் இருக்கிறது. கணினி விஞ்ஞானத்தில் முதுமாணியும் உண்டு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வரும் கண்டி பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாக வந்தாலும் கம்பளையில் அதே பாதைதான். வீட்டிலிருந்து போய்வர நினைப்பவர் முதலில் அங்கே விசாரியுங்கள்.

விசாரிக்கும்போது இதையும் கேள்: விரிவுரை ஒன்லைனா, நேரிலா? வார இறுதியில் எந்த நாள்? பரீட்சை எங்கே? “ஒன்லைன்” என்று எழுதியிருந்தாலும் பரீட்சைக்கு நேரில் கூப்பிடலாம்.

4. பெயர். பெயர். பெயர்.

இதில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் அதிகம் அடி விழுவது இங்கேதான்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரம், உயர்தரம், பட்டச் சான்றிதழ் ஐந்தையும் மேசையில் வரிசையாக வை. ஒன்றில் லெச்சுமி, இன்னொன்றில் லட்சுமி, மூன்றாவதில் லக்சுமி என்று இருக்கும். ஒன்றில் அப்பா பெயர் முழுதாக முன்னால். இன்னொன்றில் ஒரே எழுத்து. பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதினார், பாடசாலையில் சேர்த்தவர் தனக்குத் தெரிந்தபடி எழுதினார். இவ்வளவு நாளும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதுமாணி விண்ணப்பத்தில் கேட்பார்கள். விசாவில் கட்டாயம் கேட்பார்கள்.

• சின்ன வித்தியாசம் என்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வை. ஒன்றல்ல, இரண்டு மூன்று மூலப் பிரதி.
• பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போ. இது ஒரு நாளில் முடியாது. விண்ணப்பம் கோரும் விளம்பரம் வந்த பிறகு ஓடினால் அந்த வருடம் போய்விடும்.
• மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் செய். கடையில் டைப் செய்து தருவது செல்லாது. ஆங்கிலத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்று முதலே எழுதிக் கொடு.
• பட்டப் பெறுபேற்று விபரத்தை முத்திரையிட்ட உறையில் ஒரே தடவையில் சில பிரதிகள் எடு.

அடுத்தது முகவரி. நம் லயத்துக்குத் தனி முகவரி இல்லை. ஒரு டிவிஷனுக்கே ஒரு முகவரி, கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து கிடக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நேர்முகம் முடிந்த பிறகு கைக்கு வந்த கதை நம் ஊரில் புதிதல்ல. டவுனில் தெரிந்த ஒருவருடைய கடை முகவரியையோ உறவினர் வீட்டு முகவரியையோ அனுமதி கேட்டுக் கொடு. போன் நம்பரை விண்ணப்பம் முடியும் வரை மாற்றாதே.

5. வகுப்பு தொடங்குமுன் கணக்கைத் தூசி தட்டு

உயர்தரம் தமிழில் படித்தாய், இங்கே விரிவுரை ஆங்கிலத்தில். பயப்படாதே, ஆனால் ஆயத்தம் இல்லாமல் போகாதே. நிகழ்தகவு, நேரியல் அட்சரகணிதம், டிஸ்கிரீட் மெத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இந்த நாலும் கையில் இருந்தால் முதல் தவணை தாண்டிவிடுவாய். இந்திய ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.ஈ.எல். விரிவுரைகளும் எம்.ஐ.டி.யின் ஓபன் கோர்ஸ்வெயாரும் இலவசம். டவுனுக்குப் போகும் நாளில் தரவிறக்கி வைத்துக்கொள்.

அசைன்மென்டை சட்ஜிபிடியிடம் எழுத வைத்துக் கொடுக்காதே. வைவாவில் “இந்த வரி ஏன்?” என்று ஒரு கேள்விதான் கேட்பார்கள்.

6. வீட்டில் இடம் பிடி

ஆம்பிளைப் பிள்ளை படித்தால் தேத்தண்ணி வரும். பொம்பிளைப் பிள்ளை படித்தால் தேத்தண்ணி கேட்பார்கள். தம்பிமாரே, இதைத்தான் இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். அக்கா விரிவுரையில் இருக்கும்போது அடுப்பைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

தங்கச்சி, நீ அட்டவணையைத் தமிழில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டு. அம்மாவுக்கு இது “போன் பார்க்கிற நேரம்” இல்லை என்று தெரிய வேண்டும். சொல்லாமல் எதிர்பார்த்துவிட்டுக் கோபப்படாதே. கல்யாணப் பேச்சு வந்தால், எந்த மாதம் படிப்பு முடியும் என்று திகதியோடு சொல். “பிறகு பார்ப்போம்” என்றால் அவர்கள் உடனே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரே காம்பராவில் ஆறு பேர் இருந்தால் இரவு பத்துக்குப் பிறகும் விடியற்காலை நாலு மணிக்கும்தான் அமைதி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு. இரண்டும் வேண்டாம், நோய் வரும். சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று முதல் வகுப்புக்கு முன்னமே நடந்து பார்த்து வை. கரண்ட் போனால் ரவுட்டர் நிற்காமலிருக்க ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கு, அந்தக் காசு வீணில்லை.

7. மழையை மறக்காதே

மே மாதத்திலிருந்து ஹட்டன், வட்டவளைப் பக்கம் பெய்கிற மழை உனக்குத் தெரியும். மண் சரிந்தால் ரோடும் மூடும், ரயிலும் நிற்கும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையக ரயில் பாதையை உடைத்ததைப் பார்த்தோம். பரீட்சை நாளன்று காலையில் மலையிலிருந்து இறங்காதே. முதல் நாளே இறங்கி, கூடப் படிப்பவள் வீட்டில் தங்கு. யாரிடம் தங்கலாம் என்று முதல் மாதத்திலேயே பேசி வை.

8. ஆய்வுத் தலைப்பை நம் மலையிலேயே தேடு

தேயிலையின் கொப்புள நோயை இலையின் படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது, மழை அளவை வைத்து மண்சரிவை முன்கூட்டிச் சொல்வது, சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் இயந்திர மொழிபெயர்ப்பு. இவை எல்லாம் உண்மையான கணினி விஞ்ஞானப் பிரச்சினைகள். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையிலேயே இருக்கிறது, 1925இல் தொடங்கியது. மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். மொழிக்கு யூ.சி.எஸ்.சி.யிலும் மொரட்டுவையிலும் ஆய்வுக் குழுக்கள் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த மண்ணை அறிந்த ஒரு பிள்ளை மண்சரிவுத் தரவோடு உட்கார வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் ஆசைப்பட்டு அகலமாக எடுக்காதே. “செயற்கை நுண்ணறிவால் தோட்டத்தை மாற்றுவது” ஒரு தலைப்பே இல்லை. ஒரு நோய், ஒரு டிவிஷன், ஒரு கேள்வி. தரவு கிடைக்குமா என்று உறுதி செய்த பிறகே தலைப்பைக் கொடு. மலையில் படம் எடுக்கப் போவதானால் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. வெயிலிலும் பனிமூட்டத்திலும் இரண்டு விதமாக எடு. வெயில் படத்தில் மட்டும் பழகிய மொடல் நம் மூட்டத்தில் தடுமாறும். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று லப்டொப்புக்கு வெளியே.

9. வெளிநாடு என்றால்

ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பேர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவருக்குத் தவணைக்கு 1500 யூரோ. அதோடு விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அது 11,904 யூரோ. இங்கிலாந்துக்கு செவனிங், கொமன்வெல்த் புலமைப்பரிசில்கள்; ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டஸ். வேலையை விடாமல் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்றால் அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் 2014இல் தொடங்கிய ஒன்லைன் முதுமாணியைப் பார். தொடங்கிய காலத்தில் மொத்தச் செலவே சுமார் 7000 டொலர்தான்.

இவை எல்லாவற்றுக்கும் நீயே விண்ணப்பிக்கலாம். “சீட் எடுத்துத் தருகிறேன்” என்று வரும் ஏஜெண்டுக்கு ஒரு சதமும் கொடுக்காதே, உன் மூலச் சான்றிதழையும் கொடுக்காதே.

இந்தக் கிழமையே அந்த ஐந்து சான்றிதழையும் எடுத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு.