தேனினுள் மறைந்த பொருள்

தேனின் இனிமையை அறியாதார் இலர். அவ்வினிமைக்குள் ஒளிந்து நிற்கும் வேறு சில பொருள்களை அறிந்தாரோ மிகச் சிலர். நூறு பங்கு தேனில் ஏறக்குறைய 80 பங்கு சருக்கரை. 17 அல்லது 18 பங்கு நீர். எஞ்சிய சிறு பகுதியிலேதான், செடிகொடிகளினின்றும் தேனீயின் வழியே வந்த பீனால் இனப் பொருள்கள் அடங்கியுள்ளன. நாட்பட்ட எண்ணெய் காறிப்போவது, காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனைத் தாக்குவதனாலாம். அத்தகைய தாக்குதலைத் தடுக்கும் ஆற்றல் உடைமையால், இவற்றை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர். கருநிறத் தேனில் இவை பெரும்பாலும் மிகுதி. தேன் எப்பூவினின்றும் வந்தது, அதில் கலப்பு உண்டோ என ஆராய்வார்க்கும் இவை துணை செய்வன.

ஆயின், ஒரு கிலோகிராம் தேனில் இவை பெரும்பாலும் ஒரு கிராமினும் குறைவே. இத்துணைச் சிறு பொருளை அத்துணைப் பெருஞ் சருக்கரையினின்றும் பிரிப்பது எங்ஙனம்?

அறிவியலார் நெடுங்காலம் கையாண்ட முறை ஒன்றுண்டு. தேனை அமிலங் கலந்த நீரிற் கரைத்து, பிசின் மணிகள் நிறைந்த குழாயின் வழியே விடுவர். சருக்கரை நீரோடு ஓடிவிடும். பீனால்கள் மணிகளிற் பற்றி நிற்கும். பின்னர் மெதனால் ஊற்றி அவற்றைக் கழுவி எடுப்பர். சிலர் ஈதரும் சேர்ப்பர். மெதனால் உட்சென்றாற் கண்ணொளியைக் கெடுப்பது. ஈதர் நொடியில் தீப்பற்றுவது. சிறிதளவு தேனை ஆராய்தற்குச் சில நூறு மில்லிலிட்டர் நஞ்சு செலவாயிற்று. நற்பொருளைத் தேடுவார் தீப்பொருளைக் கழிவாக விட்டுச் செல்லுதல் முறையாகுமோ?

1998 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்னும் இருவர் பசுமை வேதியியலின் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். கழிவு தோன்றியபின் தூய்மை செய்வதினும், தோன்றாமற் காத்தலே நன்று என்பது அவற்றுள் முதலாவது. 2006 இல் வெளிவந்த ஒரு முறை, கரைப்பானைச் சில துளிகளாகச் சுருக்கிற்று. அத்துளிகள் நஞ்சாகவே இருத்தலும் உண்டு. எனினும் அளவு குறைந்ததும் ஆக்கமே.

கரைப்பானையே மாற்றிய செய்தி இன்னும் வியப்புடையது. கோழித்தீவனத்திற் சேர்க்கும் கோலின் குளோரைடு 302 பாகை செல்சியசில் உருகுவது. உழவர் வயலில் இடும் யூரியா 133 பாகையில் உருகுவது. ஒன்றுக்கு இரண்டாக அவற்றைக் கலந்தாலோ, 12 பாகையிலேயே நீர்மமாகிவிடும்! இங்கிலாந்து நாட்டு லெஸ்டர் நகரில் ஆண்ட்ரூ அபாட் என்பாரும் அவர்தம் குழுவினரும் இதனை 2003 இல் வெளியிட்டனர். இத்தகைய கலவை எளிதில் ஆவியாகாது, எளிதில் தீப்பற்றாது.

ஆயினும் தேனிடத்து இஃது ஓர் இடர்ப்பாடு உடைத்து. நீரோடு கலந்துவிடும் இயல்பினது ஆதலின், கரைத்த தேனோடு சேர்ந்து ஒன்றாகிவிடும்; பிரிந்து நில்லாது. இக்குறை நீங்க, நீரோடு ஒட்டாத கலவைகளை நாடினர். புதினா இனச் செடியிற் கிடைக்கும் மென்தாலையும், தேங்காயெண்ணெயிலும் சிறிதளவு உள்ள டெக்கனாயிக் அமிலத்தையும் சேர்த்தால் அத்தகைய நீர்மம் பிறக்கும். தேன் கரைந்த நீரில் அதனைச் சிறிது இட்டுக் கலக்கிச் சுழற்றினால், பீனால்களைத் தன்பாற் கவர்ந்துகொண்டு எண்ணெய்போல் மேலே மிதக்கும்.

மெதனாலை ஆவியாக்கி நீக்குதல் எளிது. இக்கலவையை அங்ஙனம் நீக்குதல் அரிது. ஆதலின், ஆய்வுக் கருவியுட் செலுத்துமுன் அதனை இளக்குதற்குச் சிறிது மெதனாலையே நாடுவாரும் இன்றும் உளர்.