பழைய கணினிக்குப் புது வலிமை

பல்லாண்டு உழைத்த மேசைக் கணினி விளையாட்டுகளை இயக்கத் திணறுமாயின், அதனை உடனே கழித்துவிடல் வேண்டா. எவ்வுறுப்பு தளர்ந்துள்ளது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

வன்தட்டினுள் வட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழன்றே தகவலைத் தருகின்றன. எஸ்எஸ்டி எனப்படும் திண்மத் தட்டில் சுழலும் உறுப்பு இல்லை. ஆகவே கணினி விரைந்து எழும். ஆயினும், அது காத்திருக்கும் நேரத்தைக் குறைக்குமேயன்றி, ஓடும் காட்சியைப் பெரும்பாலும் சீராக்காது. நினைவகம் 4 ஜிபி ஆயின், ஒத்த இரு துண்டுகளால் 8 ஜிபி ஆக்குதல் நலம். தகவல் இரு வழிகளில் பாயும்.

காட்சியைத் தீட்டுவது வரைகலை அட்டையே. தாய்ப்பலகையின் செருகுவாய் அதற்கு அளிக்கக்கூடிய மின்னாற்றல் 75 வாட்டுக்கு மேற்படாது. 2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அட்டைகளுள் பல அவ்வளவில் அடங்குவன. அதனினும் மிகுதியாக வேண்டும் அட்டையை வலுவற்ற மின்வழங்கியுடன் பூட்டினால், விளையாட்டின் நடுவே கணினி அணைந்துவிடக் கூடும்.

ஓர் உறுப்பை மாற்றிப் பயன் கண்டபின்னரே அடுத்ததற்குச் செலவிடுக. மொத்தச் செலவு புதுக் கணினியின் விலையை நெருங்குமாயின், அங்கே நிறுத்துதலே அறிவுடைமை. குறையறிந்து செலவிடுதலே சிக்கனம்.