பழைய ஜீப்: செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

போடி, கம்பம் பகுதிகளில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் பழைய ஜீப்புகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உரம் ஏற்றவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் அப்படி ஒரு வண்டி வேண்டும் என்று சிறு விவசாயிகள் விரும்புவது இயற்கையே. ஆனால் மலிவாக வாங்கிய வண்டி, பட்டறையிலேயே நின்று பணத்தைத் தின்பதும் உண்டு. அதைத் தவிர்க்கும் வழிகளை இங்கே காண்போம்.

வாங்கும் முன்

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. நான்கில் ஒரு பங்கை முதல் பழுதுகளுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். புது பெயிண்டைப் பார்த்து மயங்காமல், வண்டிக்கு அடியில் படுத்து சேஸிஸைப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். என்ஜினைப் புதுப்பிக்கலாம், சேஸிஸ் இற்றுப்போன வண்டியை வாங்காமலிருப்பதே நலம்.

ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ், என்ஜின் எண்கள் வண்டியிலுள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தையும் கேட்டறிந்து விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் பிரேக்

முதல் செலவு பிரேக்குக்கே. பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் இணைப்புதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கும் நிற்காது. மூட்டையும் ஆளுமாக இறக்கத்தில் வரும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும்? எனவே ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் பார்த்து மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அவசரத்துக்குக்கூட என்ஜின் ஆயிலை அதில் ஊற்றக் கூடாது. ரப்பர் உப்பிப் பிரேக் கெட்டுவிடும்.

அடுத்து ஸ்டீயரிங் மூட்டுகள், ரேடியேட்டர், பேன் பெல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். பழைய ஆயில் எப்போது ஊற்றியது என்று தெரியாததால் என்ஜின், கியர் பெட்டி, முன் பின் அச்சுகள் எல்லாவற்றிலும் புது ஆயில் ஊற்றிக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள்.

புழுதியும் தண்ணீரும்

காட்டுப் பாதையின் புழுதி என்ஜினுக்குள் புகுந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்துவிடும். பழைய வண்டிகளின் ஏர் கிளீனரில் அடியில் ஆயில் இருக்கும். அது சேறாகத் திரண்டதும் கழுவி, குறியிட்ட அளவு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். ஒரு கிண்ணம் ஆயிலுக்குச் சோம்பினால் ஒரு என்ஜின் வேலை வந்து சேரும்.

ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் அச்சு ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். கிரீஸ் நிப்பிள்களுக்கு நீங்களே கிரீஸ் அடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கர இழுவையைச் சேற்றிலும் மணலிலும் வழுக்கும் ஏற்றத்திலும் மட்டும் போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டினால் டயர் தேயும். கியர்களும் முறுக்கேறிச் சேதமாகும்.

மாற்ற வேண்டாம்

பெரிய டயர், உயரமான ஸ்பிரிங், வேறு என்ஜின் என்று ஆசைப்பட வேண்டாம். பெரிய டயர் பேரிங்கையும் அச்சையும் வாட்டும். பிரேக்கின் பிடிப்பும் குறையும். தயாரிப்பாளர் அமைத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவது சட்டத்துக்கு உடன்பாடானதல்ல என்று உச்சநீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்துள்ளது. கம்ப்யூட்டர் இல்லாமல் ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டக்கூடிய எளிமைதான் இந்த வண்டியின் லாபம். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கு எழுதுங்கள்

ஒரு நோட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், டீசல், பழுதுச் செலவு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஆண்டு முடிவில் காப்பீட்டையும் சேர்த்துக் கூட்டி, போன நடைகளால் வகுத்தால் ஒரு நடையின் செலவு தெரியும். வாடகை வண்டியின் கூலி அதைவிடக் குறைவென்றால், ஜீப்பை நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுவதில் தவறில்லை. நடைக்கு நடை மிச்சமானால், பல்லாண்டு உழைக்கும் வண்டி உங்கள் வாசலில் நிற்கிறது என்று பொருள்.