நான்கு இரவு வனவாசம்

பதினாறாவது பிராயத்தில் வீட்டைவிட்டு ஓடிப்போய், பொதிகை மலை அடிவாரத்திலும் காட்டிலுமாக நான்கு இரவுகள் தன்னந்தனியாகக் கிடந்தவன் நான். இதைச் சாகசமாகச் சொல்லிக்கொள்ளும் ஆசை எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. என் குடும்பத்தாரைத் தவிர வேறு யாரிடமும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இதை நான் சொன்னதும் இல்லை. இப்பொழுது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, சென்ற மாதம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டான் என்று தெருவே கலங்கி நின்றபோது, அவன் எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், யார் வந்து கூப்பிட்டால் எழுந்து வருவான் என்பதெல்லாம் அங்கே கூடியிருந்தவர்களுள் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான் சொன்ன இடத்திலேயே அன்று மாலை அவன் கிடைத்தான்.

தாமிரவருணிக் கரையில், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, நூறு வீடுகூட இல்லாத சிற்றூர் எங்களுடையது. 1962ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். பிசான நடவுக்கு ஆள் கூலி கொடுப்பதற்கென்று என் பெரியப்பா வைத்திருந்த பதினைந்து ரூபாய் காணாமற் போயிற்று. அந்த அறைக்குள் கடைசியாகப் போய்வந்தவன் நான் என்பதால், களத்துமேட்டில் கூலியாட்களும் அண்டை வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். அடி எனக்குப் பெரிதாகப் படவில்லை. தோளில் துண்டுடன் நான்கடி தூரத்தில் நின்றிருந்த என் தகப்பனார், தமையனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர் ஆகையால், ஒரு வார்த்தையும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதுதான் என்னைத் துரத்திற்று. அந்தப் பணத்தை எடுத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது.

பட்டணத்தில் ஒருவனுக்கு அவமானம் நேர்ந்தால் அவன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டால் போதும். அங்கே அவனை அறிந்தவர் இல்லை. சிற்றூரில் அவனுக்கு அடுத்த தெரு கிடையாது. கிணற்றடியிலும் படித்துறையிலும் பள்ளிக்கூடம் போகும் பாதையிலும் அதே முகங்கள்தாம், அதே பார்வைதான். சின்ன ஊர்ப் பிள்ளைகள் காட்டையும் மலையையும் நாடி ஓடுவதற்கு இயற்கையின் மீதுள்ள மோகம் காரணம் என்று எண்ணுவது பெரும் பிழை. தன்னைத் தெரியாத ஓர் இடம் வேண்டும், அதற்கு அவர்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் காடு ஒன்றுதான் இருக்கிறது.

எனக்கு அந்தக் காடு அந்நியமானதும் அல்ல. ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்கு எங்கள் குடும்பம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சொரிமுத்து ஐயனார் கோவிலுக்குப் போகும். காரையாற்றங்கரையில் தழைகளால் குடில் போட்டு, அரிசி மூட்டையும் அண்டா குண்டான்களும் கிடாயுமாக நாட்கணக்கில் தங்குவோம். பிள்ளைகளாகிய நாங்கள் ஆற்றில் விழுந்து குளித்து, வாய் நீலம் பாரிக்க நாவற்பழம் தின்று திரிவோம். காடு என்றால் அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதோடு, எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் ரமண மகரிஷியின் சரித்திரத்தைச் சொல்லக் கேட்டிருந்தேன். 1896ஆம் ஆண்டில், என்னைப் போலவே பதினாறு வயதில், தமையனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டெழுதி வைத்துவிட்டு மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டவர் அல்லவா அவர்! அந்தச் சரித்திரத்தில், பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் அரித்த புண்களோடு தன்னினைவின்றி இருந்த அவரைப் பிறர் தூக்கி வெளியே கொணர்ந்தார்கள் என்பதையும், பிறகு பல ஆண்டுகள் அன்பர்கள் ஊட்டிய உணவால்தான் அந்தத் திருமேனி நிலைத்தது என்பதையும் ஆசிரியர் சொல்லத்தான் சொன்னார். என் செவியில் அது ஏறவில்லை.

ஓர் அரிவாள், ஒரு படி அரிசி, ஓர் அலுமினியப் பாத்திரம், தீப்பெட்டி, உடுத்தியது போக ஒரு வேட்டி, இவ்வளவுதான் நான் கொண்டுபோனவை. உப்பு எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் உப்பு இல்லாத வேளை என்று ஒன்றை நான் கண்டதே இல்லை ஆதலால், அது நினைவில் வரவும் இல்லை.

முதல் இரவு நான் காட்டுக்குள் போகவில்லை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பாபநாசத்துப் படித்துறை மண்டபத்தில், ஊரிலிருந்து வரும் சாலை தெரியும்படியான ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது வந்து என் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டிருந்தால் அந்தக் கணமே எழுந்து போயிருப்பேன். வீட்டிலோ, கல்லிடைக்குறிச்சி அத்தை வீட்டுக்குப் போயிருப்பான், கோபம் தணிந்தால் வருவான் என்று எண்ணி விளக்கை அணைத்துவிட்டார்கள். ஓடிப்போகிற பிள்ளை முதல் நாள் ஓடுவதில்லை, காத்திருக்கிறான். அந்த ஓர் இரவை இழந்துவிடாதீர்கள். அவன் எங்கே சந்தோஷமாக இருந்தானோ அந்தத் திசையில்தான் போவான். திருவிழாவுக்குப் போன கோவில், கூட்டாளிகளோடு குளித்த அருவி, தாத்தாவின் தோட்டம் என்று அவ்விடங்களையே முதலில் பாருங்கள். போலீஸ் நிலையத்தில் ஒரு நாள் பொறுத்து வரச் சொல்வார்கள் என்று தயங்கவும் வேண்டியதில்லை. காணாமற்போன குழந்தையைப் பற்றிப் புகார் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

மறுநாள் ஐயனார் கோவிலைக் கடந்து, ஆற்றை ஒட்டி மேலே போனேன். ஆடியில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் நிறைந்திருந்த அந்தக் கரையில் ஒரு மனிதர் இல்லை. நாவல் மரங்கள் இருந்தன, பழம் இல்லை. காட்டுக் கனிகளுள் பெரும்பான்மையானவை கோடையிலிருந்து ஆடி வரையில் பழுத்து முடிந்துவிடுகின்றன. ஐப்பசியில் நெல்லி பிஞ்சாக இருக்கும், களாவும் பாலையும் மருந்துக்கும் கிடையா. காடு பன்னிரண்டு மாதமும் படியளக்கும் என்பது வெறும் பிரமை.

என் அடுத்த தவறு ஆற்றுக்குள் படுத்தது. நீருக்கு நடுவே அகலமான பாறை ஒன்று காய்ந்து கிடந்தது. விலங்கு எதுவும் அங்கே வராது என்று எண்ணி, பாத்திரத்தையும் அரிசியையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கினேன். நான் படுத்திருந்த இடத்தில் ஒரு துளி மழை இல்லை. நடு நிசியில் ஆற்றின் ஓசை மாறிற்று. அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த நீர், அடித்தொண்டையில் உறுமுவதைப் போல ஒலித்தது. கையை விட்டுப் பார்த்தால் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே எங்கோ மலைமுகட்டில் பெய்த மழை கீழே இறங்கிவர அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. அரிவாளோடும் மடியிலிருந்த தீப்பெட்டியோடும் கரைக்குத் தாவினேன். அரிசியும் பாத்திரமும் போயின. மலையாற்றில் நீர் கலங்கினாலும், சருகு மிதந்து வந்தாலும், ஓசை கனத்தாலும் ஒரு நொடிகூட யோசிக்காமல் கரையேற வேண்டும். அருவிக்கும் மலையாற்றுக்கும் குளிக்கப் போகிறவர்களும் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் மழை என் மேலேயே பெய்தது. குளிர் என்பது பனி பெய்யும் தேசத்துக்கு உரியது என்று எண்ணியிருந்தேன். நனைந்த வேட்டியோடு மலைக்காற்றில் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பவனுக்குப் பல் கிட்டிப்போகும் குளிர் எங்கள் திருநெல்வேலிச் சீமையிலும் உண்டு. மழையோடு அட்டைகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்தேன்; பிய்த்த இடமெல்லாம் இரத்தம் நிற்காமல் வடிந்தது. அட்டையைப் பிய்க்கக் கூடாது, சுண்ணாம்போ புகையிலைச் சாறோ பட்டால் தானே விழும் என்பதைப் பிற்பாடு கற்றேன். அன்று இரவு, புல் முளைக்காமல், முள் இல்லாமல், வழவழவென்று அகலமாக இருந்த ஒரு தடத்தைப் படுக்க நல்ல இடம் என்று தேர்ந்துகொண்டேன். இருட்டில் மூங்கில் முறியும் சத்தம் துப்பாக்கி வெடிப்பதைப் போலக் கேட்டது. எழுந்து சரிவில் இருந்த ஒரு பாறை இடுக்குக்குள் புகுந்துகொண்டேன். விடிந்ததும் பார்த்தால், நான் படுத்திருந்த தடத்தில் ஆவி பறக்கும் யானை லத்தி கிடந்தது. காட்டில் சுத்தமான அகலப் பாதை என்றால், அது ஏதோ ஒரு பெரிய பிராணி தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய பாதை.

பசியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நான்காம் இரவுக்கு முன் ஒரு கொடியின் கிழங்கைத் தோண்டி, வெயிலில் காயவைத்த தீக்குச்சிகளுள் பற்றிய ஒன்றே ஒன்றைக்கொண்டு ஈர விறகில் தீ மூட்டி, அரைவேக்காட்டில் தின்றேன். நாவும் தொண்டையும் தினவெடுத்து வீங்கின, இரவெல்லாம் வாந்தி. கிழங்கு வகைகளில் சுட்டுத் தின்னத்தக்கதும் உண்டு, பல முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து ஊறப்போட்டாலொழிய விஷமாகவே இருப்பதும் உண்டு. செங்காந்தளின் கண்ணுவலிக் கிழங்கோ எப்படி வேகவைத்தாலும் உயிரைக் குடிக்கக்கூடியது. நான் தின்றது எது என்று தெரியாது. பிழைத்தது தெய்வாதீனம்.

அந்த ஈர விறகின் புகைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. மறுநாள் காலை காணி மக்கள் இருவர், ஒரு முதியவரும் அவர் மருமகனும், தேனெடுக்கப் போகும் வழியில் புகை கண்ட இடத்தைத் தேடி வந்தார்கள். முதியவர் என்னைத் தூக்கி உட்காரவைத்து முதலில் கேட்ட கேள்வி, நீ யார் என்பதல்ல. ஏன் வந்தாய் என்பதும் அல்ல. "உன் ஆளுக எங்கே?" என்று கேட்டார். தனியாகத்தான் வந்தேன் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. மறுபடியும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பற்றி என் ஆயுள் முழுவதும் யோசித்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக அந்த மலையிலேயே பிறந்து, கவலைக்கிழங்கு எது, நூரைக்கிழங்கு எது என்று கொடியைப் பார்த்தே சொல்லக்கூடிய அந்த மனிதருக்கு, ஒருவன் காட்டில் தனியாக வாழலாம் என்ற எண்ணமே தோன்றியதில்லை. அவர்கள் குடியிருப்பில் மூட்டுக்காணி என்ற தலைவர் இருந்தார், மருந்தறிந்தவர் இருந்தார், கிழங்கு அகழ்வதும் தேன் எடுப்பதும் காவல் இருப்பதும் கூட்டாகவே நடந்தன. பொதிகையின் கேரளச் சரிவில், மலையேறும் காணிகள் களைப்புத் தீரத் தின்ற ஒரு சிறு கனியை 1987ஆம் ஆண்டில் தாவர ஆராய்ச்சியாளர்கள் கவனித்து, ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பின்னர் ஒரு மருந்தே செய்தார்கள் என்று படித்தபோது எனக்கு அந்த முதியவர் நினைவு வந்தது. அப்படிப்பட்ட அறிவை ஒற்றை மனிதன் ஒரு வாழ்நாளில் தேடிக்கொள்ள முடியாது. நான் ஊரைவிட்டு ஓடினேன்; ஓடிய இடத்திலும் ஓர் ஊர்தான் என்னைக் காப்பாற்றிற்று.

அன்றிரவு அவர்கள் குடிசையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் உப்பும் மிளகாயும் கொடுத்தார்கள். உப்பு நாவில் பட்டதும் நான் அழுதேன்.

இன்று இவ்விதம் ஓட எண்ணும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஓடிய அந்த ஆண்டில்தான், நான் திரிந்த முண்டந்துறைக் காடு புலிகளுக்கான சரணாலயமாயிற்று. 1988இல் களக்காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் தடுக்கவில்லை. வீட்டில் இருக்க முடியாத ஸ்திதி உண்மையிலேயே சிலருக்கு உண்டு. அடியும் அவமானமும் கற்பனை அல்ல. அப்படியானால் மனிதர் இருக்கும் பக்கமாகப் போங்கள்: நம்பிக்கையான ஓர் ஆசிரியர், அத்தை, கூட்டாளியின் தாயார். ஒருவரும் இல்லையென்றால் 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த வசதி எனக்கு இருக்கவில்லை.

முதியவர் என்னைப் பாபநாசம் வரையில் கூட்டிவந்தார். என் தகப்பனார் ஐந்து நாட்களாகக் கோவில் கோவிலாகத் தேடி அலைந்து, அங்கே படித்துறையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, என் தோளைப் பற்றிக்கொண்டு, "நான் அன்னைக்கே வாயத் தொறந்திருக்கணும்லே" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. வீட்டில் என் தாயார், "எய்யா, கையக் கழுவிட்டு வா" என்று இலையைப் போட்டாள். பெரியப்பா வாசலில் வந்து சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். ஏன் போனாய் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுபடியும் போயிருப்பேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை திரும்பி வருகிற அன்று அவனுக்குச் சோறு போடுங்கள். கேள்விகளை மறுநாளுக்கு வையுங்கள்.