பழைய தவறணைப் படம் எந்த ஊர்?

பண்டாரவளையில் பழைய தவறணைப் படமோ துரைமார் கிளப்பின் பார் படமோ ஒன்று கைமாறத் தொடங்கினால், அது எந்த ஊர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் நிற்பதில்லை.

“கீழேயே பண்டாரவளை என்று அச்சாகியிருக்கிறதே!” இதுதான் வழக்கமான வாதம். அந்தக் காலத்துப் படங்கள் பலவும் கொழும்பு ஸ்டூடியோக்களின் சரக்கு. அவற்றில் ஒன்றான ஸ்கோவன் கம்பனியின் கண்ணாடி நெகடிவ்கள் பிறகு கொழும்பு அப்போதிக்கரீஸ் கம்பனியிடம் போய், அங்கிருந்து மறுபடி படங்களாக விற்பனைக்கு வந்தன. எடுத்தவர் ஒருவர், விற்றவர் இன்னொருவர். மலைநாட்டையே பார்த்திராத ஒருவர்கூட ஊர்ப்பெயரைச் சேர்த்திருக்கலாம்.

அஞ்சலட்டையின் முத்திரையில் 1912 என்றிருந்தால் படமும் 1912 என்று எழுதிவிடுகிறார்கள். அட்டை தபாலில் சேர்ந்த நாள் அது. படம் அதற்கு இருபது வருடம் மூத்ததாக இருக்கலாம், இளையதாக மட்டும் இருக்க முடியாது.

நான் முதலில் பார்ப்பது மரத்தைத்தான். தவறணை என்றாலே தென்னை இருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பண்டாரவளை கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,200 மீற்றர் மேலே இருக்கிறது. அந்தக் குளிரில் தென்னை செழிக்காது. பலகை மேசைக்குப் பின்னால், கூரைக்கு மேலே காய்த்த தென்னைகள் வரிசையாகத் தெரிந்தால் அது பண்டாரவளை இல்லை. 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையாகவோ அதற்கும் கீழேயோ இருக்கலாம். பின்னால் ரயில் தெரிந்து, பதுளைதான் என்றும் உறுதியானால் படம் 1924க்கு முந்தியதல்ல. பாதை அங்கே போய்ச் சேர்ந்ததே அந்த வருடம்தான்.

“கணப்படுப்பு இருக்கிறது, அப்படியானால் நுவரெலியா” என்பதும் அவசர முடிவு. 1893இல் தொடங்கிய பண்டாரவளை ஹோட்டலிலும் கணப்படுப்பு உண்டு. அது கொழும்பை விலக்கும், மலை ஊர்களுக்குள் தீர்ப்புச் சொல்லாது.

அதிகம் பேரை ஏமாற்றுவது இடவலம் மாறிய படம். கண்ணாடி நெகடிவைப் புரட்டி வைத்து அச்சடித்தால் வாசலும் வளைவும் எதிர்ப்பக்கம் போய்விடும். தெருவில் நின்று ஒப்பிடுகிறவர் “இங்கே இல்லை” என்று திரும்பிவிடுவார். அதைக் கண்டுபிடிக்கத் துரைமார் போட்டிருக்கும் கோட்டைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் அவர்களுடைய இடப்பக்கம் மேலே மடிந்திருக்கும். எல்லாருக்கும் வலப்பக்கம் மேலே இருந்தால் படம் புரண்டது. பெயர்ப்பலகை தெரிந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

வாசலில் கார் நின்றால் இலக்கத்தகட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிங்கள ஸ்ரீ இருந்தால் வெள்ளைக்காரன் காலத்துப் படம் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அந்த எழுத்து வந்தது 1950களின் பிற்பகுதியில்; 1958இல் அதற்கு எதிராகத் தமிழர் தார் பூசியது ஊரறிந்த கதை.

இத்தனைக்கும் மேலான சாட்சி லயங்களில் இருக்கும் முதியவர்கள். ஆனால் ஊர்ப்பெயரை நீங்களே சொல்லிவிட்டுக் கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். படத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். உங்கள் வீட்டில் இப்படியொரு படம் இருந்தால் ஓரத்தை வெட்டாமல் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். தெரிந்ததைப் பென்சிலால் எழுதி, யார் சொன்னது என்பதையும் குறித்து வையுங்கள்.